வீட்டுக்கு எந்தத் தையல் மெஷின்?

கடைக்காரர் எடுத்துத் தரும் துணியில் எந்த மெஷினும் நன்றாகத்தான் தைக்கும். மேசை இழுப்பறையில் அதற்கென்றே ஒரு துண்டு வைத்திருப்பார். கஞ்சி விறைப்பு போகாத, நடுத்தரத் தடிமனில் ஒரு பருத்தித் துணி. அதை இரண்டாக மடித்து ஊசிக்கு அடியில் தள்ளி ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டுவார். தையல் முத்துக் கோத்த மாதிரி விழும். வீட்டுக்கு வந்து சிந்தெடிக் புடவைக்கு ஓரம் அடிக்க உட்காரும்போதுதான் துணி சுருங்கும். லைனிங் பிளவுஸின் கைக்குழியில் நான்கு மடிப்பு சேரும் இடத்தில் ஊசி திணறும். பையனின் ஜீன்ஸ் காலைக் குட்டையாக்கும்போது மோட்டார் முனகும். வருடம் திரும்புவதற்குள் மெஷின் மூடிபோட்டு மூலைக்குப் போய், இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிகளை அடுக்கும் மேசையாகிவிடும்.

அப்படி மேசையாகிப்போன மெஷின் இல்லாத தெரு குறைவு. அதனால் “எது நல்ல மெஷின்?” என்பதைவிட, “எந்த மெஷின் ஐந்தாவது வருடமும் நம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்?” என்பதுதான் உதவும் கேள்வி.

இதற்கு நம் ஊரில் நான்கு பதில்கள் கிடைக்கும். தெருமுனை டெய்லர், “கறுப்பு மெஷினை அடிச்சுக்க ஆளே கிடையாது” என்பார். கடைக்காரர், “இப்ப யாருங்க மிதிக்கிறாங்க, ஜிக்ஜாக் எடுத்துக்கோங்க” என்பார். கைபேசியில் வரும் விளம்பரம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமானைக் காட்டும். திருப்பூர்ப் பக்கம் வேலை பார்க்கும் உறவினர், “பவர் மெஷினே வாங்கிடுங்க, பழசு சல்லிசா வரும்” என்பார். விளம்பரத்தைத் தவிர மற்ற மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தினமும் தைக்கும் துணிக்கு எது சரியோ அதைச் சொல்கிறார்கள். நம் வீட்டுத் துணி எது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு நூலின் முடிச்சு

ஒப்பிடும் முன், மெஷின் செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று பிரிந்துவரும். அது சங்கிலித் தையல். பிரெஞ்சு தையல்காரர் பார்த்தலெமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் போட்டது இந்த வகைத் தையலைத்தான். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று பாரிஸ் தையல்காரர்கள் அவருடைய இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள்.

இன்றைய வீட்டு மெஷின் போடுவது வேறு. ஊசியில் ஒரு நூல், அடியில் பாபினில் ஒரு நூல். ஊசி கீழே இறங்கி ஏறும்போது உண்டாகும் சிறு வளையத்தை ஷட்டிலின் முனை பிடித்து, பாபின் நூலைச் சுற்றி வரச் செய்கிறது. இரண்டு நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஓரிடத்தில் அறுந்தாலும் தையல் முழுக்கப் பிரியாது. முனையிலேயே காது வைத்த ஊசியோடு இந்தப் பூட்டுத் தையலுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்றார். ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் தன் மெஷினுக்குப் பெற்றார். அதன்பிறகு கறுப்பு மெஷின் முதல் கணினி மெஷின் வரை எல்லாவற்றிலும் அடிப்படை இந்த முடிச்சுதான். மாறியது ஊசி பக்கவாட்டில் அசைகிறதா, சக்கரத்தைச் சுற்றுவது காலா மின்சாரமா என்பதும், மேலே சேர்ந்த வசதிகளும்தான்.

கறுப்பு மெஷின்: நேர்த்தையல் மட்டும்

நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து பார்த்த இரும்பு மெஷினின் அமைப்பு சிங்கரின் ‘15’ வகையிலிருந்து வந்தது. இந்தியாவில் உஷா 1930களில் கல்கத்தாவில் தயாராகத் தொடங்கியது. சிங்கரின் இந்தியப் பெயராக மெரிட் வந்தது. பஞ்சாபின் லூதியானா இன்று இவ்வகை மெஷின்களுக்கும் உதிரிபாகங்களுக்கும் பெரிய உற்பத்தி மையம். பெயர்ப்பலகை எதுவானாலும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றே என்பதால் பாபின், ஊசி, ஷட்டில் எல்லாம் சிறு ஊர்க் கடையிலும் கிடைக்கும். இந்த மெஷினின் உண்மையான பலம் அதுதான். ஸ்டாண்டோடு சேர்த்து ஏறத்தாழ 6,000 முதல் 10,000 ரூபாய்க்குள் வாங்கிவிடலாம்.

இதில் நேர்த்தையல் ஒன்றுதான் வரும். அது போதுமா? ஒரு வருடத்தில் வீட்டில் தைக்க வேண்டியவற்றை எழுதிப் பாருங்கள்: பிளவுஸ், சுடிதார், நைட்டி, பாவாடை, தலையணை உறை, ஜன்னல் திரை, பள்ளிச் சீருடைக்குப் பக்கம் பிடிப்பது, மெலிந்தபோது பிடித்து, பருத்தபோது பிரித்துவிடுவது. அத்தனையும் நேர்த்தையல். பிளவுஸுக்குக் கொக்கி வைக்கிறோம், காஜா தேவையில்லை. சட்டை தைத்தால் காஜா எடுக்கக் கடைவீதியில் ஆள் இருக்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சில மாதிரிகளில் பின்னோக்கித் தைக்கும் வசதி இருக்காது. தையலின் தலையிலும் வாலிலும் துணியைத் திருப்பிப் போட்டு இறுக்க வேண்டிவரும். வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். தலைப்பாகம் மட்டுமே பத்து கிலோவுக்கு மேல். ஸ்டாண்டோடு சேர்ந்தால் வீட்டில் ஓர் இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். ஓரம் பிசிறு பிரியாமல் அடக்க வழியில்லை. நம் பிளவுஸில் இது சின்ன விஷயம் இல்லை. நாளைக்குப் பிரித்துவிட வேண்டும் என்றுதானே உள்ளே துணி விட்டுத் தைக்கிறோம்? நாலு துவைப்பில் அந்த உள்துணி நூல் நூலாக உதிர்ந்தால், பிரித்துவிட எதுவும் மிஞ்சாது.

வெள்ளை மெஷின்: எண்ணிக்கையில் மயங்காமல்

ஜிக்ஜாக் மெஷினில் ஊசி இடமும் வலமும் அசையும். பிசிறு அடக்குவது, எலாஸ்டிக் வைத்துத் தைப்பது, பனியன் துணி, காஜா எல்லாம் அந்த ஓர் அசைவிலிருந்து வருபவை. அடிப்பலகையின் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டால் மெல்லிய கை மாதிரி ஒரு பாகம் நிற்கும். குழந்தைச் சட்டையின் கையையோ பேன்ட் காலையோ அதில் மாட்டிச் சுற்றித் தைக்கலாம். எடை பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கிலோ. தைத்து முடித்ததும் அலமாரியில் தூக்கி வைத்துவிடலாம். இரண்டு அறை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கடையில் பேச்சு வேறு திசையில் போகும். “இதுல ஏழு டிசைன், இதுல இருபத்தொண்ணு, இதுல எண்பது” என்று விலை ஏறிக்கொண்டே போகும். பூவும் இலையுமாக விழும் அலங்காரத் தையல்களை வாங்கிய வாரத்தில் கைக்குட்டையில் போட்டுப் பார்ப்போம். அதன்பிறகும் கை போவது நேர்த்தையல், ஜிக்ஜாக், எலாஸ்டிக்குக்கான மூன்றெட்டுத் தையல், ஓரம் கட்டும் தையல், காஜா என்ற ஐந்துக்குள்தான். அதனால் டிசைன் கணக்கை விட்டுவிட்டு வேறு நான்கைப் பாருங்கள்: தையலின் நீளத்தையும் அகலத்தையும் நாமே மாற்ற முடிகிறதா, காஜா ஒரே ஓட்டில் விழுகிறதா, நாலு முறை திருப்ப வேண்டுமா, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதமான ‘பூட்’டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா, பாபின் உலோகக் கேஸில் முன்பக்கம் போகிறதா, மேலே திறந்து வைப்பதா. மேலே வைப்பது பழக எளிது, நூல் தீர்வதும் கண்ணுக்குத் தெரியும். உலோகக் கேஸில் டென்ஷன் திருகு கைக்கு எட்டும், மெக்கானிக்கும் விரும்புவார்.

பாபின் என்றதும் ஒரு தகவல். உஷாவோடு சேர்ந்து இங்கே விற்கும் ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் ஜானோமே. அந்தச் சொல்லுக்குப் ‘பாம்பின் கண்’ என்று பொருள். நீளவாட்டுப் பாபின்கள் புழங்கிய காலத்தில் புதிதாக வந்த வட்டப் பாபின் பார்க்க அப்படி இருந்ததாம்.

விலை ஏறத்தாழ 10,000 முதல் 20,000 ரூபாய். கணினி வகைகள் அதற்கும் மேல். இவற்றின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். வீட்டு மெஷினின் மோட்டார் நூறு வாட்டுக்கும் குறைவானது. நாள் முழுக்க ஓட்டிப் பிளவுஸ் வியாபாரம் செய்ய அது படைக்கப்படவில்லை. ஜீன்ஸ் மடிப்பில் ஏறும்போது கைச்சக்கரத்தால் ஊசிக்கு உதவ வேண்டிவரும். புடவைக்குப் பீகோ அடித்துச் சம்பாதிக்கலாம் என்று இதை வாங்குபவர்கள் ஏமாறுவதும் உண்டு. பீகோ கடைகளில் இருப்பது அதற்கென்ற கனத்த ஜிக்ஜாக் மெஷின். வீட்டு மெஷின் நம் நாலு புடவைக்குப் போதும். தெருப் புடவைக்குப் போதாது.

உள்ளங்கை மெஷினும் பவர் மெஷினும்

ஸ்டேப்ளர் வடிவில் வரும் கையடக்க மெஷின் ஒரே நூலில் தைப்பது. ஆகவே அது போடுவது அரிசி மூட்டைத் தையல். திரைத்துணியின் மடிப்பு பிரிந்தால் ஒப்பேற்ற உதவும். உடுத்தும் துணிக்கு ஆகாது. மேசையில் வைக்கும் பொம்மை அளவு மின் மெஷின்கள் இரண்டு நூலில் தைப்பவைதான். ஆனால் தையலின் நீளத்தை மாற்ற வழியில்லாதவை பல. லைனிங் பிளவுஸ் கனத்துக்கே நின்றுவிடும். பெண்ணுக்குத் தையலில் ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்க இதை வாங்கித் தருபவர்கள் உண்டு. நூல் சிக்கிச் சிக்கி, இருந்த ஆர்வமும் போய்விடும்.

மறுகோடியில் பவர் மெஷின். திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் கூடங்களுக்குப் ‘பவர் டேபிள்’ என்றே பெயர். நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் போகும். வீட்டு மெஷின் ஆயிரத்தை எட்டுவதே அரிது. எண்ணெய் தானாகவே சுற்றும். எந்த மடிப்பும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் நான்கடி நீள மேசைக்கு இடம் வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார் என்றால், தைக்காமல் இருக்கும்போதும் சுவிட்சை அணைக்கும்வரை இரைந்துகொண்டே மின்சாரம் தின்னும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும் ஓடும், வேகத்தையும் கட்டி வைக்கலாம். பழசு சல்லிசாகக் கிடைக்கிறது என்றால் முதலில் இந்த மோட்டாரைத்தான் கேட்க வேண்டும். கற்றுக்கொள்கிறவர் அந்த வேகத்தைப் பார்த்து மிரண்டுபோவார். அத்தனையும் செய்து அது போடுவதும் நேர்த்தையல் ஒன்றுதான். ஓவர்லாக்குக்குத் தனி மெஷின்.

இப்படிப்பட்ட மெஷின் வீட்டுக்குத் தேவையா என்று அளக்க ஒரு பழைய அளவுகோல் உண்டு. இயந்திரங்களைப் பற்றி 1924இல் டில்லியில் காந்தியிடம் விவாதித்த இளைஞர் ஜி. ராமச்சந்திரன், பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். இயந்திர மோகத்தை எதிர்த்துப் பேசிவந்த காந்தி, அந்த உரையாடலில் சிங்கரின் தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்று காந்தி நம்பினார். சிங்கரின் வாழ்க்கை வரலாறு அவ்வளவு கனிவானது இல்லை என்பது வேறு கதை. ஆனால் காந்தி வைத்த அளவுகோல் நமக்கு இன்றும் உதவும்: இது வீட்டில் ஒருவரின் பாட்டைக் குறைக்கிறதா? மாதம் நூறு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவருக்குப் பவர் மெஷின் பாட்டைக் குறைக்கும். மாதம் இரண்டு தைப்பவருக்கு அது வீட்டின் பாதியை அடைத்துக்கொண்ட பாரம்.

மிதியா, மோட்டாரா?

மிதி மெஷினுக்கு மின்வெட்டு கிடையாது. எவ்வளவு மெதுவாக வேண்டுமோ அவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு தையலாகக்கூடப் போகலாம். கழுத்து வளைவில் தைக்கும்போது இது பெரிய உதவி. பழகும் முதல் வாரம்தான் சோதனை; சக்கரம் பின்னோக்கிச் சுற்றிவிட்டால் நூல் சிக்கி அறும். கையால் சக்கரத்தை நம் பக்கமாகச் சுற்றிவிட்டு, அந்த ஓட்டத்திலேயே காலைச் சேர்க்கப் பழகிவிட்டால் பிறகு மறக்காது. தோல் வார் நாளாவட்டத்தில் நீளும். கொஞ்சம் வெட்டிக் கம்பி மாட்டினால் சரியாகிவிடும்.

முழங்கால் வலி, முதுகு வலி உள்ளவர்கள் மிதியை வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். கறுப்பு மெஷினிலேயே சிறு மோட்டாரைப் பொருத்திக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. வாரை மாற்றி மாட்டினால் மின்சாரம் இல்லாதபோது மிதிக்கவும் செய்யலாம். இடவசதியும், நேர்த்தையலே போதும் என்ற தெளிவும் உள்ள வீட்டுக்கு, என் கணிப்பில் இதுதான் மிகச் சிக்கனமான ஏற்பாடு.

பழைய மெஷின், கடல் கடந்த மெஷின்

இரும்பு மெஷின்கள் தலைமுறை தாண்டி ஓடுபவை. பழையது வாங்குவதில் தவறில்லை, பார்த்து வாங்க வேண்டும். ஊசிக்கம்பியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; தளர்ந்து ஆடினால் தேய்ந்துவிட்டது. ஊசி இறங்கும் துளையைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா, ஷட்டில் முனை மழுங்கியிருக்கிறதா, துணியைத் தள்ளும் பற்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். துரு, மேசையில் செல்லரிப்பு, இரண்டும் கண்ணில் படும். கைச்சக்கரம் ஒரு சுற்று முழுக்க ஒரே இலகுவாகச் சுழல வேண்டும். கனத்துச் சுழன்றால் பயப்பட வேண்டாம். பல வீடுகளில் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுவிடுவார்கள். அது மார்கழிக் குளிரில் உறைந்து, நாளடைவில் பிசினாகி இறுகும். மெக்கானிக் கழற்றிக் கழுவி, மெஷின் ஆயில் விட்டால் பழையபடி ஓடும்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது மின் அழுத்தம். சிங்கப்பூரிலிருந்து வருவது நம் மின்சாரத்துக்குப் பொருந்தும். அமெரிக்காவிலிருந்து வருவது 110–120 வோல்ட். டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். அதோடு, அதன் பாபினும் பூட்டும் நம் ஊரில் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாகவே வாங்க வேண்டும், கையில் காசில்லை என்பவர்களுக்கு ஆதரவற்ற பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சமூகநலத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். தவணையில் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தவணை முறையை 1856 முதலே கையாண்டு வீடு வீடாகப் பரப்பியது சிங்கர் நிறுவனம். மாதத் தொகை சிறிதாகத் தெரிவதால், தேவைக்கு ஒரு படி மேலான மெஷினுக்குக் கை நீளும். அந்த ஆசை அன்றிலிருந்து மாறவில்லை.

மெக்கானிக்கை முதலில் தேடுங்கள்

மெஷின் மூலைக்குப் போவது பெரும்பாலும் பெரிய கோளாறால் இல்லை. அடிப்பக்கம் நூல் கொசகொசவென்று சுருண்டால் பாபினைக் குறை சொல்வோம். காரணம் பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் தகடுகளுக்கிடையே சரியாக உட்காராதது. பூட்டைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி நூல் கோத்தால் தீரும். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது துணிக்குப் பொருந்தாத ஊசியாக இருக்கும். மெல்லிய துணிக்கு 11, பிளவுஸ், சுடிதாருக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18, பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி. வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒருபக்கம் தட்டையாக இருக்கும், பவர் மெஷின் ஊசி முழுக்க உருண்டை. மாற்றி வாங்கி வந்தால் பொருந்தாது. பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டால் தானாக விழக் கூடாது. லேசாக உதறினால் சிறிது இறங்க வேண்டும். பற்களின் அடியில் சேரும் பஞ்சை வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டும்.

இந்த நாலைந்து விஷயம் தெரிந்தால் பாதி ரிப்பேர் வீட்டோடு முடியும். மீதிக்கு ஆள் வேண்டும். அதனால்தான் கடைக்குப் போகும் முன் உங்கள் பகுதி மெக்கானிக்கிடம் போகச் சொல்கிறேன். “எந்தக் கம்பெனிக்கு உங்ககிட்ட சாமான் இருக்கு? எதை நீங்க திறக்க மாட்டீங்க?” என்று கேளுங்கள். கணினி மெஷினின் பலகை போனால் கம்பெனி சர்வீஸ்தான் வழி. அந்த சர்வீஸ் உங்கள் ஊருக்கு வருமா, நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? வாரண்டி அட்டையில் மோட்டாருக்கு எத்தனை ஆண்டு, மற்றதற்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியாகப் பாருங்கள். இணையத்தில் சில நூறு ரூபாய் குறையலாம். ஆனால் கடைக்காரர் நூல் கோக்கச் சொல்லிக்கொடுப்பதும், ஒரு மாதம் கழித்துத் தூக்கிப்போனால் டென்ஷன் பார்த்துத் தருவதும் அந்த விலையில் இல்லை.

ஒரு துணிப்பை

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு எளிது. பிளவுஸ், சுடிதார் தைக்க, இடம் உள்ள வீட்டுக்கு மோட்டார் போட்ட கறுப்பு மெஷின். இடம் குறைவு, குழந்தைத் துணியும் பனியன் துணியும் உண்டு, உள்துணி பிசிறு அடங்க வேண்டும் என்றால் ஐந்தாறு நல்ல தையல் உள்ள ஜிக்ஜாக். தைத்துக் கொடுத்துச் சம்பாதிப்பவருக்கு சர்வோ மோட்டார் பவர் மெஷின். இரண்டு மனமாக இருந்தால், பக்கத்துத் தையல் வகுப்பில் ஒரு மாதம் சேர்ந்து அங்குள்ள மெஷின்களில் தைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

கடைக்குப் போகும் நாளில் ஒரு துணிப்பை கொண்டுபோங்கள். பழைய சிந்தெடிக் புடவையின் ஒரு முழம், லைனிங்கோடு பிளவுஸ் துண்டு, ஜீன்ஸின் கால் மடிப்பு, கிழிந்த பனியன், வீட்டில் இருக்கும் நூல்கண்டு. நூலை நீங்களே கோத்து, நீங்களே உட்கார்ந்து தையுங்கள். புடவை சுருங்குகிறதா? லைனிங் மடிப்பில் ஏறி இறங்கும்போது தையலின் நீளம் மாறுகிறதா? ஜீன்ஸில் நிற்கிறதா? தைத்ததை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் நூல் பல்லைக் காட்டக் கூடாது.

இப்படிப் பையோடு வந்து உட்காருகிறவரிடம் கடைக்காரர் அந்த இழுப்பறையைத் திறப்பதில்லை.